வெளிநாடு கிளம்பும் முன் ஊரில் இருக்கப்போற அந்தப் பத்து நாள்: அப்பா அம்மா பக்கம் முடிக்க வேண்டிய பண வேலைகள்



விசா வந்தாச்சு. கம்பெனியில கடைசி வேலை நாளும் முடிஞ்சாச்சு. ஃப்ளைட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நடுவுல பத்து நாள் கணவன் மனைவி ரெண்டு பேரும் ஊருக்குப் போறீங்க. அஞ்சு நாள் இவர் வீடு, அஞ்சு நாள் அவங்க வீடு. குலதெய்வம் கோவில்ல ஒரு பொங்கல், பெரியவங்களுக்கு வேட்டி சேலை, அத்தை வீட்ல ஒரு விருந்து, சித்தப்பா வீட்ல ஒரு விருந்து, கடைசி நாள் ஊறுகாயையும் இட்லிப் பொடியையும் 23 கிலோவுக்குள்ள அடக்குற போராட்டம். பெரும்பாலானவங்களோட பிளான் இதுதான். இதுல தப்பே இல்ல, எல்லாத்தையும் பண்ணுங்க.

வீடியோவுல என்ஆர்ஓ அக்கவுண்ட், வரி பத்தியெல்லாம் பேசிட்டோம். அது உங்க பக்கத்து வேலை, அதுல பாதியை அங்க போய்க்கூட முடிச்சிடலாம். இந்தப் பதிவு அப்பா அம்மா பக்கத்து வேலைக்கு மட்டும். நீங்களும் அவங்களும் ஒரே வீட்ல, ஒரே ஊர் பேங்க்குக்கு நடந்து போற தூரத்துல இருக்கிற வாய்ப்பு இந்தப் பத்து நாளுக்கு அப்புறம் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு கேள்வியோட ஆரம்பிங்க. நீங்க ஃப்ளைட்ல இருக்கீங்க, போன் ஆஃப். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க. அம்மாவால உங்க உதவி இல்லாம அதைக் கட்ட முடியுமா?

நிறைய வீடுகள்ல நேர்மையான பதில் "முடியாது"தான். பணம் இல்லாததால இல்ல. அப்பா பேர்ல எஃப்டி இருக்கும், பென்ஷன் அக்கவுண்ட்ல காசு இருக்கும். ஆனா ஏடிஎம் கார்டு அப்பாவோட பர்ஸ்ல, பின் நம்பர் அப்பாவோட மனசுல. நெட் பேங்கிங் உங்க லேப்டாப்ல. பேங்க்ல பதிவான மொபைல் நம்பர்? அங்கதான் விஷயமே இருக்கு.

ஓடிபி யாரோட போனுக்கு வருது?

ஸ்மார்ட்போன் வாங்கின புதுசுல, "அப்பாவுக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது, என் நம்பரைக் குடுத்துடுறேன்"னு நல்ல எண்ணத்துல நாமதான் குடுத்திருப்போம். அப்பாவோட பேங்க் அக்கவுண்ட், ஆதார், கேஸ் புக்கிங், எல்ஐசி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாத்துலயும் மகன் நம்பர் இல்லைன்னா மகள் நம்பர். நீங்க சென்னையில இருந்த வரைக்கும் பிரச்சனை இல்ல. அம்மா போன் பண்ணுவாங்க, நீங்க மீட்டிங் நடுவுல ஓடிபி படிச்சுச் சொல்லுவீங்க.

வெளிநாடு போனதும் இந்த ஏற்பாடு உடைஞ்சிடும். நேர வித்தியாசம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ப்ரீபெய்டு சிம்மை ரீசார்ஜ் பண்ணாம 90 நாள் பயன்படுத்தாம விட்டா நம்பர் உங்க கையை விட்டுப் போகலாம். அந்த நம்பரைப் பிறகு வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அப்பாவோட ஆதார்ல அதே நம்பர் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ஊருக்குப் போன முதல் வேலைநாள் அன்னிக்கே அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டு பேங்க்குக்குப் போங்க. அவரவர் அக்கவுண்ட்ல அவரவர் நம்பர். அன்னிக்கே ஆதார் சேவை மையம் அல்லது ஆதார் வசதி இருக்கிற தபால் நிலையம் போய் ஆதார்லயும் மாத்திடுங்க. கேஸும் இன்ஷூரன்ஸும் போன்லயே முடிஞ்சிடும். போரடிக்கிற வேலைதான், ஒரு நாள் முழுக்க போயிடும். ஆனா இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம்தான் பண்ண முடியும்னா, நான் இதைத்தான் பண்ணச் சொல்லுவேன்.

உங்க இந்திய நம்பரையும் விட்டுடாதீங்க. குறைஞ்ச ரீசார்ஜ்ல உயிரோட வச்சிருங்க, கிளம்புறதுக்கு முன்னாடி இங்கேயே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணி வைங்க. உங்க பேங்க், பிஎஃப், வருமான வரித் தளம் எல்லாம் அந்த நம்பரைத்தான் கேட்கும்.

ஜாயின்ட் அக்கவுண்ட்: யார் பேர் முதல்ல?

"என் அக்கவுண்ட்ல அம்மாவையும் ஜாயின்ட்டா சேர்த்துட்டேன், இனி கவலை இல்ல"ன்னு நிறைய பேர் சொல்றதைக் கேட்டிருப்பீங்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு.

வேலைக்காக வெளிநாடு போனதும், அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்க என்ஆர்ஐ. உங்க சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓ-வா மாத்தியாகணும். அந்த என்ஆர்ஓ அக்கவுண்ட்ல இந்தியாவுல இருக்கிற அம்மாவை ஜாயின்ட்டா வச்சுக்கலாம், ஆனா "ஃபார்மர் ஆர் சர்வைவர்" முறையில மட்டும்தான். அதாவது, நீங்க இருக்கிற வரைக்கும் நீங்கதான் பணம் எடுக்க முடியும், உங்களுக்கு அப்புறம்தான் அம்மா. அவசரத்துக்கு அது உதவாது. தனியா பேங்க்ல அதிகாரக் கடிதமோ பவரோ குடுத்திருந்தா மட்டும் அம்மா இங்க உள்நாட்டுச் செலவுக்கு அதை இயக்கலாம்.

தலைகீழா பண்ணுங்க. அக்கவுண்ட் அப்பா அம்மாவோடது. அவங்க ரெண்டு பேர்ல யார் கையெழுத்து போட்டாலும் பணம் எடுக்கிற மாதிரி "எய்தர் ஆர் சர்வைவர்" முறையில இருக்கணும். வேணும்னா நெருங்கிய உறவுங்கிற முறையில உங்களையும் அதுல சேர்க்கலாம், என்ஆர்ஐ ஆனாலும் ரிசர்வ் வங்கி விதி அதை அனுமதிக்குது. ஆனா அவங்க செலவுக்காக மட்டும்தான் நீங்க அதை இயக்கணும். உங்க வாடகை வருமானம், டிவிடெண்ட் மாதிரி உங்க பணம் அதுக்குள்ள வரக்கூடாது. அப்பா பேர்ல மட்டும் தனியா இருக்கிற பென்ஷன் அக்கவுண்ட்ல அம்மா பேரும் இருக்கான்னு இந்தப் பத்து நாளுக்குள்ள பார்த்துடுங்க.

போற இடத்துல நாமினியையும் பார்த்துடுங்க. 2025 நவம்பர் 1-லிருந்து பேங்க் அக்கவுண்ட்டுக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம். பழைய எஃப்டி-ல இன்னும் தாத்தா பேர் நாமினியா இருக்கிற வீடுகள் நிறைய. லாக்கர் இருந்தா அதுவும்தான். உங்க நகை உங்க பேர்ல மட்டும் இருக்கிற லாக்கர்ல இருந்தா, நீங்க ஊருக்கு வர்ற வரைக்கும் யாராலயும் அதைத் திறக்க முடியாது.

எவ்வளவு விட்டுட்டுப் போகணும்?

ஒரு கணக்கு போடலாம். ஊர்ல வீட்டுச் செலவு மாசம் 30,000, மருந்து மாத்திரை 5,000-ன்னு வச்சுக்குவோம். மூணு மாசத்துக்கு 1,05,000. ஆஸ்பத்திரி அட்வான்ஸ், இன்ஷூரன்ஸ்ல வராத செலவுக்கு 1,50,000. மொத்தம் 2,55,000. இதுல ஒரு 50,000 சேவிங்ஸ்ல, மீதி அப்பா அம்மா பேர்லயே எஃப்டி-ல. 2 லட்சத்தை ஒரே எஃப்டி-யா போடாம நாலு 50,000-ஆ போட்டா, தேவைப்படறதை மட்டும் உடைச்சுக்கலாம்.

மகனோ மகளோ அப்பா அம்மாவுக்குக் குடுக்கிற பணத்துக்கு அவங்களுக்கு வரி கிடையாது. அதுல வர்ற வட்டி அவங்க வருமானமாத்தான் கணக்குல வரும். அவங்களுக்கு வேற பெரிய வருமானம் இல்லைன்னா அதுக்கும் பெரும்பாலும் வரி வராது. உங்ககிட்ட இன்னும் கொஞ்சம் பணம் இருந்து, அவங்களுக்கு 60 வயசு தாண்டியிருந்தா, தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை யோசிக்கலாம். அஞ்சு வருஷத் திட்டம், ஒருத்தருக்கு 30 லட்சம் வரைக்கும், மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். ஆனா அதை அவசர நிதியா நினைக்காதீங்க. நடுவுல மூடினா பிடித்தம் உண்டு.

பாசத்துல கையில இருக்கிறதை எல்லாம் இங்கேயே வச்சுட்டும் போகாதீங்க. அங்க முதல் சம்பளம் வர ஒரு மாசம் ஆகும். உதாரணத்துக்கு ஜெர்மனியில வீட்டு டெபாசிட்டே மூணு மாச அடிப்படை வாடகை வரைக்கும் கேட்கலாம். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அங்க உடனே வேலை கிடைக்காதுன்னா, ஒரே சம்பளத்துல வாழப் போறீங்க. இரண்டு மூணு மாசச் செலவைக் கையில வச்சுக்கிட்டு மீதியில இருந்துதான் இங்க ஒதுக்கணும். நோட்டா 3,000 டாலர் மதிப்பு வரைக்கும்தான் எடுத்துட்டுப் போகலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டுல போட்டுக்குங்க.

ரெண்டு வீடு இருக்கு

பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ண வேண்டியது இது. இவர் வீட்டுக்கு மாசம் எவ்வளவு, அவங்க வீட்டுக்கு எவ்வளவு? ஊர்ல போய் அம்மா முன்னாடி வச்சு இந்தப் பேச்சை ஆரம்பிச்சா, அந்தப் பத்து நாளும் போச்சு.

ரெண்டு பக்கமும் ஒரே தொகைதான் வரணும்னு இல்ல. ஒரு பக்கம் அரசுப் பென்ஷன் இருக்கலாம், இன்னொரு பக்கம் மாமனார் கடை வச்சிருந்து இப்போ மூடியிருக்கலாம். தேவையைப் பார்த்துப் பிரிங்க. ஆனா அவசரத்துக்கு யார் வீடா இருந்தாலும் ரெண்டு பேர் பணமும் போகும்னு முன்னாடியே பேசிக்குங்க.

பொண்ணு வீட்டுப் பக்கம் இன்னொரு தடங்கல் வரும். "பொண்ணு காசுல நாங்க சாப்பிடறதா?"ன்னு வாங்க மாட்டாங்க. வாதாடிப் பிரயோஜனம் இல்ல. பணமாக் குடுக்காம, அவங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை நீங்க நேரடியா கட்டுங்க. அதுக்கு மறுப்பு கம்மியாத்தான் வரும்.

இதே நாட்கள்ல வேற ஒண்ணும் நடக்கும். வெளிநாடு போறவங்க வீட்டுக்கு கைமாத்து கேட்டும், கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டும் சொந்தக்காரங்க வருவாங்க. குடுக்கணும்னு தோணினா, திரும்பி வராட்டியும் பரவாயில்லைன்னு நினைக்கிற தொகையைக் குடுங்க. ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டாம். அவங்க கட்டலைன்னா பேங்க் உங்களைத்தான் தேடும். உங்களைப் பிடிக்க முடியலைன்னா நோட்டீஸ் உங்க அப்பா இருக்கிற வீட்டு முகவரிக்குத்தான் போகும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்: இடைவெளி விழற இடம்

சம்பளக்காரங்கள்ல நிறைய பேர், "அப்பா அம்மாவுக்கு கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கு"ன்னு நிம்மதியா இருப்போம். அந்தக் காப்பீடு பொதுவா உங்க கடைசி வேலை நாளோட முடியுது. அதாவது, நீங்க ஊர்ல பொங்கல் வச்சுக்கிட்டு இருக்கிற அந்தப் பத்து நாள்லயே அவங்களுக்குக் காப்பீடு இல்ல.

நோட்டீஸ் பீரியட் ஆரம்பிச்ச வாரமே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க: இந்தக் குழுக் காப்பீட்டுல இருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு அப்பா அம்மாவை மாத்த என்ன பண்ணணும்? இதுக்கு வழி இருக்கு. மாத்தினா ஏற்கெனவே கழிச்ச காத்திருப்புக் காலம் கணக்குல வரும். வேலையை விட்டு வெளிய வந்த பிறகு கேட்டா கதவு மூடியிருக்கும்.

புதுசா எடுக்கிறீங்கன்னா முதல் 30 நாள் விபத்து தவிர மத்ததுக்கு கிளெய்ம் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூணு வருஷம். சிலர் பிரீமியம் கூடும்னு சர்க்கரையை மறைப்பாங்க. தயவுசெய்து வேண்டாம். கிளெய்ம் மறுக்கப்படும்போது ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல நிக்கப் போறது அம்மா தனியா. 65 வயசு தாண்டியிருந்தாலும் இப்போ பாலிசி எடுக்க வழி இருக்கு, 2024-ல அந்த வயசு வரம்பை எடுத்துட்டாங்க. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியும் இல்ல. ஆனா வயசானவங்களுக்கு மெடிக்கல் டெஸ்ட் கேட்பாங்க, அதுக்கே ஒரு வாரம் போயிடும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டுட்டு, டெஸ்ட்டை ஊர்ல இருக்கும்போது பண்ணிக்கிட்டா சரியா இருக்கும்.

ரின்யூவல் தேதி தவறிடக் கூடாது. பிரீமியம் உங்க கிரெடிட் கார்டுல ஆட்டோ பேயா இருந்து அந்த கார்டை நீங்க மூடிட்டா, பாலிசி சத்தமே இல்லாம செத்துப்போகும். சேர்த்து வச்ச காத்திருப்புக் காலமும் அதோட போகும். கார்டை மூடறதுக்கு முன்னாடி ஆட்டோ பேயை வேற அக்கவுண்ட்டுக்கு மாத்துங்க. என்ஆர்ஓ-வுல இருந்தே கட்டலாம்.

பவர் குடுக்கணுமா?

ஊர்ல யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க, "எதுக்கும் ஒரு பவர் எழுதி வச்சுட்டுப் போப்பா"ன்னு. எதுக்குன்னு கேளுங்க. ஃபிளாட்டை வாடகைக்கு விடணும், கட்டிக்கிட்டு இருக்கிற வீட்டோட பதிவுக்குக் கையெழுத்து போடணும்னா சரி, அந்த வேலைக்கு மட்டும் தனிப் பவர் குடுங்க. சார்பதிவாளர் அலுவலகத்துல நேர்ல போய்ப் பதிவு பண்ணுங்க. எல்லா சொத்தையும் எப்படி வேணும்னாலும் செய்யலாம்னு பொதுப் பவரை எவ்வளவு நெருங்கின சொந்தத்துக்கும் குடுக்காதீங்க.

அங்க போய்க் குடுக்க முடியாதுன்னு இல்ல. இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி, இங்க அனுப்பி, வந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும். ஒரு நாள்ல இங்க முடியற வேலைக்கு அங்க ரெண்டு மாசம் அலையணும். அதனால தேவை இருக்கிறது உறுதியா தெரிஞ்சா இப்பவே முடிச்சிடுங்க.

வாடகைக்கு விடறவங்க ஒண்ணு கவனிங்க. வீட்டு உரிமையாளர் என்ஆர்ஐ-ன்னா, வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் குடித்தனக்காரர் டிடிஎஸ் பிடிச்சுத்தான் குடுக்கணும். இது அவருக்கும் தெரியாது, பல புரோக்கர்களுக்கும் தெரியாது. ஒப்பந்தம் போடும்போதே சொல்லிடுங்க.

மத்ததெல்லாம் வேகமா: பிபிஎஃப் அக்கவுண்ட் இருந்தா மூட வேண்டாம், முதிர்வு வரைக்கும் தொடரலாம், நீட்டிக்க மட்டும் முடியாது. பிஎஃப் பணத்தை அஞ்சு வருஷத் தொடர் சேவை முடியாம எடுத்தா வரி வரும், அவசரப்படாதீங்க. மியூச்சுவல் ஃபண்டுல கேஒய்சி-யை என்ஆர்ஐ-ன்னு மாத்தணும். அமெரிக்காவோ கனடாவோ போறவங்க, உங்க ஃபண்டு கம்பெனி அந்த நாட்டுல இருக்கிறவங்ககிட்ட பணம் வாங்குமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. டேர்ம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு நாடு மாறுறதைச் சொல்லிடுங்க.

ஒருநாள் ஒத்திகை

எல்லாம் முடிஞ்சப்புறம், கடைசி ரெண்டு நாளுக்கு முன்னாடி ஒருநாள் நீங்க ஊர்ல இல்லாத மாதிரி இருங்க. அம்மா தனியா ஏடிஎம் போய் 2,000 ரூபாய் எடுக்கட்டும். அப்பா தன் போன்ல கரண்ட் பில் கட்டட்டும். இன்ஷூரன்ஸ் கார்டுல இருக்கிற நம்பருக்கு அம்மாவே போன் பண்ணி, நம்ம ஊர்ப் பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில கேஷ்லெஸ் இருக்குன்னு கேட்கட்டும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பாருங்க. கை நீட்டி போனை வாங்காதீங்க, அதுதான் கஷ்டம்.

எங்கெல்லாம் நிக்குதுன்னு அப்போ தெரியும். பின் நம்பர் மூணு தடவை தப்பாப் போய் கார்டு லாக் ஆகும். யுபிஐ-ல ஒரு நாள் வரம்பை பேங்க் 10,000-ன்னு வச்சிருக்கும். ஆஸ்பத்திரிக்கு யுபிஐ-ல 5 லட்சம் வரைக்கும் கட்ட விதி இருந்தாலும், உங்க பேங்க் ஆப்ல வரம்பு கம்மியா இருந்தா அது உதவாது. அம்மாவுக்கு எழுத்து சின்னதாத் தெரியும். இதெல்லாம் உங்க முன்னாடி நடந்தா அன்னிக்கே சரி பண்ணிடலாம்.

"எங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம், நீ நல்லபடியா போயிட்டு வா"ன்னு சொல்லுவாங்க. அப்பாகிட்ட அவரோட பணத்தைப் பத்திக் கேட்கிறதும் சுலபம் இல்ல. "உங்ககிட்ட என்னென்ன இருக்கு?"ன்னு ஆரம்பிச்சா, கணக்கு கேட்கிற மாதிரி அவருக்குத் தோணும். முதல்ல உங்க கணக்கைச் சொல்லுங்க. "அப்பா, என் சம்பளம் இவ்வளவு, இந்தக் கடன் இருக்கு, இன்ஷூரன்ஸ் பேப்பர் இங்க இருக்கு, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பண்ண வேண்டியது இது"ன்னு ஒரு நோட்டுல எழுதிக் காட்டுங்க. அடுத்த பக்கத்துல அவரே எழுத ஆரம்பிக்கலாம். எந்த சீட்டு பாக்கி இருக்கு, எந்த பேங்க்ல நகை அடகுல இருக்கு, யாருக்குக் குடுத்த பணம் வரணும், வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு. அன்னிக்கு எழுதலைன்னாலும் நோட்டை அங்கேயே விட்டுட்டு வாங்க.

ஒரு தாள்ல பெரிய எழுத்துல பாலிசி நம்பர், இன்ஷூரன்ஸ் போன் நம்பர், கேஷ்லெஸ் ஆஸ்பத்திரி பேர், பேங்க் மேனேஜர் நம்பர், உதவிக்கு உடனே வரக்கூடிய ரெண்டு பேர் நம்பர் எழுதி பீரோ கதவோட உள்பக்கம் ஒட்டிடுங்க. அந்த ரெண்டு பேர் யாருன்னும் இந்தப் பத்து நாள்லயே முடிவு பண்ணி, நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. எதிர்வீட்டு அண்ணனா இருக்கலாம், பக்கத்துத் தெரு அத்தையா இருக்கலாம். விருந்துக்குப் போற வீடுகள்ல முதல் வீடு அதுவா இருக்கட்டும்.

அப்பா பென்ஷன் வாங்கறவரா இருந்தா வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று குடுக்கணும். இதுவரைக்கும் நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்க. இப்போ தபால்காரரே வீட்டுக்கு வந்து டிஜிட்டல் முறையில எடுத்துக் குடுக்கிற வசதி இருக்கு. ஊர்த் தபால்காரர் நம்பரையும் அந்தத் தாள்ல சேர்த்துடுங்க.

கிளம்புற வருஷத்துல இந்தியாவுல எத்தனை நாள் இருந்தீங்கங்கிறதைப் பொறுத்து வரி மாறும். வேலைக்காகப் போறவங்களுக்கு அந்த நிதியாண்டுல 182 நாளுக்குக் கீழ வந்தா கணக்கே வேற. செப்டம்பர் கடைசியில கிளம்பலாமா, அக்டோபர்ல கிளம்பலாமான்னு யோசிக்கிறவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அடுத்த பதிவைப் படிச்சிடுங்க. அதை முழுக்க எண்களோட எழுதுறேன்.